சுட்டவர் காசில் திரும்பி வந்த வான்கோழி

1970களின் நடுவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலமும் மிசூரி மாநிலமும் ஒரு பண்டமாற்று செய்துகொண்டன. மிசூரி தன் காட்டு வான்கோழிகளைப் பிடித்து அனுப்ப வேண்டும். பதிலுக்கு விஸ்கான்சின், கவுதாரி மாதிரி இருக்கும், ஆனால் அதைவிடப் பெரிய குரௌஸ் என்ற பறவைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பேசி முடித்த விலை ஒரு வான்கோழிக்கு மூன்று குரௌஸ். 1976-ல் முதல் தவணையாக வந்து இறங்கிய 29 வான்கோழிகளை விஸ்கான்சினின் வெர்னன் மாவட்டத்தில் திறந்துவிட்டார்கள். அப்புறம் 1980களில் மிசூரிக்கு நீர்நாய் தேவைப்பட்டது. மிசூரியின் வான்கோழி கென்டக்கிக்குப் போனது. கென்டக்கி காசு கொடுத்து லூசியானா சதுப்பு நிலத்து நீர்நாய்களை வாங்கி மிசூரிக்கு அனுப்பிவைத்தது.

நவம்பர் மாத விருந்து ஒன்றுக்காகவே பண்ணைகளில் கோடிக்கணக்கில் வான்கோழி வளர்க்கிற நாடு அது. அங்கே போய் வான்கோழிக்கு ஏன் இந்தப் பேரம்? காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்கிற வான்கோழியைப் பண்ணையில் உண்டாக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளவே அவர்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. புரிந்த பிறகு வேலையைச் செய்து முடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. அதில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள், அந்தப் பறவையைச் சுட்டுச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். இந்தியாவில் 1972-ல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு, ஜெயில் என்று பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

மயிலைப் பார்த்து ஆடப்போய்ப் பேரைக் கெடுத்துக்கொண்ட பறவையாகத்தான் நமக்கு வான்கோழியைத் தெரியும். சொந்த ஊரில் அது அவ்வளவு லேசுப்பட்டது இல்லை. நன்கு வளர்ந்த காட்டுச் சேவல் 8 முதல் 10 கிலோ வரை இருக்கும். அந்த எடையோடு பொழுது சாய்ந்ததும் பறந்து உயர்ந்த மரக்கிளையில் போய் அடையும். கண் அபாரமான கூர்மை. வட அமெரிக்கக் காடுகளில் மலிந்து கிடந்த இந்தப் பறவையை ஐரோப்பியர்கள் வந்த பிறகு இரண்டு பக்கமும் நெருக்கினார்கள்: காட்டை வெட்டி வயலாக்கினார்கள், சந்தையில் விற்பதற்காகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். கனெக்டிகட்டில் 1813-ஓடு கதை முடிந்தது. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851-ல் சுடப்பட்டது. 1900-ல் வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமாகச் சுட்டதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதைத் தடுத்தது. அதற்குள் விற்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. 1930களில் நாடு முழுவதும் சேர்த்து எஞ்சியவை சுமார் 2 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மிசூரியையே எடுத்துக்கொள்வோம். 1937-ல் அங்கே வான்கோழி வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே, 1925 முதல் 1943 வரை, பண்ணையில் வளர்த்த சுமார் 14,000 வான்கோழிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். கூண்டைத் திறந்தால் பறவை வெளியே வரும், நிற்கும், நரிக்கோ ஆந்தைக்கோ இரையாகும். ஏன் இப்படி என்று ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற இளம் ஆய்வாளர் மிசூரிக் காட்டிலேயே தங்கி ஆராய்ந்தார். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டின் மகன் அவர். காட்டுப் பறவை, கலப்பினம், வீட்டுப் பறவை மூன்றையும் ஒப்பிட்டு 1944-ல் அவர் வெளியிட்ட முடிவு இது: காட்டுப் பறவையின் மூளையும், பதற்றத்தை ஆளும் சுரப்பிகளும் மற்ற இரண்டையும்விடப் பெரியவை. மிரளுவது அதன் உடம்பிலேயே இருக்கிறது. தாய் 'அசையாதே' என்று எச்சரித்தால் காட்டுக் குஞ்சு இருந்த இடத்தில் உறைந்துபோகும். கலப்பினக் குஞ்சுக்கு அந்தச் சூட்சுமம் போதவில்லை.

அப்படியானால் நிஜக் காட்டுப் பறவையை உயிரோடு பிடித்து வேறு காட்டில் விட வேண்டும். சொல்வது சுலபம். இலை அசைந்தால் ஓடுகிற பறவையை எப்படிப் பிடிப்பது? வழி 1951-ல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மாரியன் தேசியக் காட்டில் கிடைத்தது. வாத்துகளைப் பிடிக்க உருவாக்கியிருந்த பீரங்கி வலையை ஹெர்மன் ஹோல்ப்ரூக் என்ற காட்டுயிர் அலுவலர் வான்கோழி மீது முயன்று பார்த்தார். பெயர்தான் பீரங்கி, சின்னக் குழாய்கள்தான். சோளத்தை ஒரே இடத்தில் தூவிப் பறவைகளை அங்கே வந்து மேயப் பழக்குவார்கள். பக்கத்தில் வலையை நீளவாட்டில் மடித்து இலைச்சருகால் மூடிவைப்பார்கள். ஆள் தொலைவில் மறைப்புக்குள் உட்கார்ந்திருப்பார். கூட்டம் தலையைக் குனிந்து கொத்தும் நேரம் பார்த்து விசையை அழுத்தினால், வெடிமருந்தின் வேகத்தில் எடைக்குண்டுகள் வலையை இழுத்துக்கொண்டு பறவைகளின் தலைக்கு மேலே பாயும். ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்து, காற்றுத்துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் பெட்டிக்கு ஒன்றாக வைத்து வண்டியில் ஏற்றினால் சரி.

மிசூரி இந்த வேலையை 1954-ல் தொடங்கியது. 1979 வசந்தத்துக்குள் 2,600-க்கும் மேற்பட்ட பறவைகளை மாநிலத்துக்குள்ளேயே இடம் மாற்றி முடித்தது. நடுவே 1960-ல், 23 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். மாநிலம் முழுவதிலும் விழுந்தவை 94 சேவல்கள். 2004 வசந்தத்தில் அந்த எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது.

இனி காசு விஷயத்துக்கு வருவோம்.

பொறி வைக்கிறவருக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல், பறவையை விடுவதற்கு நிலம், அதைக் கண்காணிக்க ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருகிற பணம் வேண்டும். நல்ல மனசுக்காரர் நன்கொடை கொடுத்து நடக்கிற வேலை இல்லை இது. அதற்கான ஏற்பாடு 1937 செப்டம்பரில், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தில் வந்தது. நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன் ஒருவர். வர்ஜீனியாவின் வில்லிஸ் ராபர்ட்சன் மற்றவர். பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பிரசங்கியாகப் பேர் வாங்கிய பாட் ராபர்ட்சனின் அப்பா. துப்பாக்கி, தோட்டா மீது ஏற்கெனவே இருந்த கலால் வரியை அரசின் பொதுக் கஜானாவில் கரையவிடாமல் காட்டுயிருக்கென்று திருப்பிவிட்டது இந்தச் சட்டம். இன்று நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11%, கைத்துப்பாக்கிக்கு 10%. வில், அம்பு பின்னால் 1972-ல் சேர்ந்தன. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் கட்டுகிறார்கள். விலையில் ஏற்றி வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்கிறார்கள். 2022, 2023 ஆண்டுகளில் இப்படி மாநிலங்களுக்குப் போன தொகை ஆண்டுக்கு 100 கோடி டாலரைத் தாண்டியது.

பங்கீட்டில்தான் சூட்சுமம். பாதிப் பணம் மாநிலத்தின் பரப்பளவைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மறுபாதி, அந்த மாநிலத்தில் காசு கொடுத்து வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து. மாநிலம் முதலில் வேலையைச் செய்துவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். செலவில் முக்கால் பங்கு மத்திய அரசிலிருந்து திரும்பி வரும். மீதிக் கால் பங்கை மாநிலம் பெரும்பாலும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து போடுகிறது. ஆக, ஒரு வேட்டைக்காரர் லைசென்ஸுக்குக் கொடுக்கும் 1 டாலர், வாஷிங்டனிலிருந்து 3 டாலரைக் கூட்டிக்கொண்டு வர முடியும்.

ராபர்ட்சன் அதில் ஒரு ஷரத்தையும் செருகினார். லைசென்ஸ் பணத்தை மீன்–வேட்டைத் துறையைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்க மாட்டோம் என்று மாநிலச் சட்டசபை தானே சட்டம் போட்டுக்கொண்டால்தான் மத்தியப் பணம் வரும். சாலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ திருப்பினால் எல்லாம் நின்றுபோகும். எந்த நிதியையும் அவசரம் என்று சொல்லி மடைமாற்றுகிற அரசாங்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பீரங்கி வலையைவிட இந்த ஒரு வரிதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டு உடையவில்லை.

அரசுப் பணத்தோடு ஊர்க்காசும் சேர்ந்தது. 1973-ல் டாம் ராட்ஜர்ஸ் என்பவர் கைக்காசைப் போட்டு தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பைத் தொடங்கினார். வர்ஜீனியாவில் பிறந்து, பிறகு தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்த அமைப்பு இது. அந்த ஆண்டு நாட்டில் இருந்தவை சுமார் 13 லட்சம் வான்கோழிகள். அமைப்பின் வருமானத்துக்கு முதுகெலும்பு, கிளைகள் ஆண்டுக்கொரு முறை நடத்தும் விருந்து. ஊர்ச் சமூகக்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு டிக்கெட்டிலேயே உறுப்பினர் சந்தாவும் அடங்கிவிடும். சாப்பாடு ஆகும்போதே பரிசுச்சீட்டு விற்றுக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஏலம். துப்பாக்கி, ஓவியம், வேட்டைக் கத்தி, வேறு மாநிலத்துக்கு வேட்டைப் பயணம் எல்லாம் ஏலத்துக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று விலையை ஏற்றிக் கேட்பவர்களும் இருப்பார்கள். நம் ஊர்த் திருவிழாவில் சாமிக்குப் படைத்த பழத்தை ஏலம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1985-லிருந்து இப்படி வரும் பணத்தைத் தனி நிதியாக்கி, மாநிலத் துறைகளோடு கலந்து பேசிச் செலவழிக்கிறார்கள். பறவையை ஏற்றிய அட்டைப் பெட்டிகளும் பல இடங்களில் இந்த அமைப்பு கொடுத்தவைதான். 2012-ல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டம் ஒன்றின் இலக்கு 40 லட்சம் ஏக்கர் வாழிடத்தைப் பேணுவது. அதே திட்டத்தில் இன்னொரு இலக்கும் இருந்தது: 15 லட்சம் புதிய வேட்டைக்காரர்களை உருவாக்குவது.

பறவையைக் காக்கிற அமைப்புக்கு வேட்டைக்காரர்களை உருவாக்குவது எதற்கு? இங்கேதான் 'வேட்டைப் பாரம்பரியம்' என்ற சொல் உள்ளே வருகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு விடியற்காலை காட்டுக்குள் போய்விட்டு வர வேண்டும்.

ஏப்ரல் மாதம். இன்னும் இருட்டுதான். வேட்டைக்காரர் தன் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து யாரும் தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாதே. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, உள்ளே போட்ட பனியன்கூட. சேவலின் தலை அந்த மூன்று நிறங்களிலும் இருக்கும். ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தால், மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தன்னை அறியாமல் பதிலுக்குக் கத்தும். இடம் தெரிந்துவிட்டது. இனி அவர் பெட்டையாக வேண்டும். மடியில் மெல்லிய மரப்பலகையால் செய்த நீள்பெட்டி ஒன்று. ஒரு முனையில் மட்டும் பிணைத்த மூடியின் அடியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் விளிம்பில் மெல்ல உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். ஆர்கன்சாவின் டார்டனெல் ஊர்க்காரரான ஹென்றி கிப்சன் 1897-ல் காப்புரிமை வாங்கிய பெட்டி இது. அதற்கு வெகுகாலம் முன்பே பூர்வகுடிகள் வான்கோழியின் இறக்கை எலும்பையே ஊதுகுழலாக்கி அழைத்திருக்கிறார்கள்.

இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் தோகையை விரித்துக் கத்தும். பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி, சேவலைத் தன்னிடம் வரவழைக்கப் பார்க்கிறார். அதனால் பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்புவார். எதிரே பொம்மைப் பெட்டை ஒன்றை நட்டுவைப்பதும் உண்டு; நம் பழைய வேடர்கள் 'பார்வை' என்று சொன்ன அதே உத்தி. நம் கவுதாரி வேட்டையிலும் இதெல்லாம் இருந்ததுதான். தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், முதல் சேவலின் மார்புத் 'தாடி'யைச் சுவரில் மாட்டிவைப்பதும் இதைச் சுற்றி வளர்ந்தவை.

ஆனால் இந்தப் பாரம்பரியத்தின் வயது பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெற்கு மாநிலங்களில் சில பகுதிகளில் வேட்டை அறாமல் தொடர்ந்தது உண்மை. வடக்கிலும் நடுப்பகுதியிலும் சுட ஒரு பறவைகூட இல்லாமல் இரண்டு, மூன்று தலைமுறைகள் போய்விட்டன. விஸ்கான்சின்காரர் 'எங்கள் வசந்த வேட்டை' என்று உருகுவது, 1976-ல் பண்டமாற்றில் வந்த பறவைகளின் வம்சத்தை வைத்து. வரிப்பணம் பறவையைக் கொண்டுவந்தது. பறவை பழக்கத்தைக் கொண்டுவந்தது. பழக்கம் இப்போது அடுத்த தவணை வரியைக் கொண்டுவருகிறது. பாரம்பரியத்தைக் காப்போம் என்ற பேச்சில் பாதி நெகிழ்ச்சி என்றால் மீதிப் பாதி கணக்குப் புத்தகம். அதில் தப்பும் இல்லை. வேட்டைக்கு வருபவர் ஒருவர் குறைந்தால் லைசென்ஸ் பணமும் போகிறது, அந்தத் தலையைக் காட்டி வாங்கிய மத்தியப் பங்கும் போகிறது. இரட்டை அடி.

அந்த அடி விழத் தொடங்கிவிட்டது. 2016-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வேட்டையாடுவோர் 1.15 கோடிப் பேர். மக்கள்தொகையில் 20 பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஊர்ப்புறத்துக் கிழவர்கள் ஓய்கிறார்கள், நகரத்துப் பேரன் வருவதில்லை. ஆனாலும் வரி வசூல் மட்டும் ஏறிக்கொண்டிருந்ததற்குக் காரணம், வேட்டைக்கு அல்லாமல் பாதுகாப்புக்கும் பொழுதுபோக்குச் சுடுதலுக்கும் துப்பாக்கி வாங்குபவர்கள். அரசியல் சூடாகிற ஆண்டுகளில் துப்பாக்கி விற்பனை துள்ளும்; மறைமுகமாக வான்கோழிக்கு மழை. காட்டுப் பக்கமே எட்டிப்பார்க்காத ஒருவர் பயத்தில் வாங்கிய கைத்துப்பாக்கியை நம்பி ஒரு காட்டுயிர்த் துறை பட்ஜெட் போடுவது எனக்கு நிம்மதியான ஏற்பாடாகப் படவில்லை. 2022-ல் ஜார்ஜியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஆண்ட்ரூ கிளைட் இந்த வரியையே எடுத்துவிட மசோதா கொண்டுவந்தார். முதலில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்களின் அமைப்புகள் இருந்தன. எங்கள் மேல் வரி போடு என்று கேட்கிற கூட்டத்தை வேறு எங்கே பார்ப்பது!

அதே 2016 கணக்கெடுப்பில் பறவை பார்ப்போர் 4.5 கோடிப் பேர். பைனாகுலருக்கும் முதுகுப்பைக்கும் இதே மாதிரி வரி போடலாமே என்று 1990களில் ஒரு முயற்சி நடந்து, தயாரிப்பு நிறுவனங்களின் எதிர்ப்பில் படுத்துவிட்டது. மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குப் பொது நிதியிலிருந்தே பெருந்தொகை ஒதுக்கும் மசோதா 2022 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் தேறி, செனட்டில் நின்றுபோனது. இதிலும் மிசூரிதான் முந்திக்கொண்டது. 1976-ல் அங்கே மக்கள் வாக்களித்து, விற்கிற பொருளின் விலையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்று தனி விற்பனை வரியாக ஒதுக்கினார்கள். சோப்பு வாங்குபவரும் கொடுக்கிறார், தோட்டா வாங்குபவரும் கொடுக்கிறார். ஆர்கன்சா 20 ஆண்டு கழித்து அதையே பின்பற்றியது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் வேட்டைக்காரரின் சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நடுவே பறவையும் சறுக்குகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 70 லட்சத்தை நெருங்கிய எண்ணிக்கை இப்போது 60 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. தெற்கில்தான் அடி அதிகம். பெட்டை தரையில் முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். குஞ்சு பறந்து மரமேற இன்னும் இரண்டு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் ரக்கூன், ஒபாசம், பாம்பு எல்லாவற்றுக்கும் அது இரை. குஞ்சுக்குப் பூச்சி மேய, வெயில் படுகிற புல்வெளி வேண்டும். அது அடர்காடாகவோ வீட்டுமனையாகவோ மாறிவிடுகிறது. ஆதிக்கச் சேவல்களைப் பருவத்தின் தொடக்கத்திலேயே சுட்டுவிடுவதால் இனப்பெருக்கம் குலைகிறதோ என்ற கேள்வியை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றவர்கள் எழுப்பினார்கள். ஆய்வாளர்களுக்குள் இதில் ஒத்த கருத்து இல்லை. இருந்தாலும் மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 2022-ல் ஜார்ஜியா ஒருவருக்கு மூன்று சேவல் என்ற உச்சவரம்பை இரண்டாக்கியது. அலபாமா ஐந்தை நான்காக்கியது. அடுத்த ஆண்டு டென்னசி வேட்டைத் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, மூன்றை இரண்டாக்கியது. லைசென்ஸ் வாங்குபவரை நம்பி நடக்கும் துறைகள், லைசென்ஸ் வாங்குபவருக்குக் கிடைப்பதைக் குறைத்திருக்கின்றன. வருமானத்தில் கைவைத்துப் பறவையைப் பார்த்துக்கொள்ளும் இந்த முடிவு, அந்தப் பூட்டுப் போட்ட சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத பலன் என்று நினைக்கிறேன்.

வடகிழக்கில் நிலைமை நேரெதிர். 1851-ல் கடைசிப் பறவையைப் பறிகொடுத்த மாசசூசெட்ஸ், 1972–73-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 வான்கோழிகளைக் கொண்டுவந்து மேற்கு மலைப்பகுதியில் விட்டது. இன்று 30,000-க்கு மேல். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், துப்பாக்கிச் சத்தமே கேட்காத தெருக்களில், சேவல்கள் போக்குவரத்தை மறிக்கின்றன. பளபளக்கும் கார்க் கதவில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக் கொத்துகின்றன. கதவு கீறல் விழுந்தவர்கள் புகார் சொல்வது, பெரும்பங்கு வேட்டை–மீன்பிடி லைசென்ஸிலும் அந்தத் துப்பாக்கி வரியிலும் நடந்துவந்த மாநிலக் காட்டுயிர்த் துறையிடம். துறை சொல்லும் ஆலோசனை: பயப்படாதீர்கள், சத்தம் போடுங்கள், தோட்டத்துக் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், வேண்டுமானால் விளக்குமாற்றை எடுத்து விரட்டுங்கள்.